கேபிளைக் கழற்றினால் எந்த கேம் மிஞ்சும்? (8 மெஷின் சென்டர், திருகோணமலை)

எட்டுமேசை

ஏகாம்பரம் வீதிப் பக்கம் 8 மெஷினோட சின்னக் கேம் சென்டர். எல்லாம் நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரெம், 240 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே 1 டிபி ஹார்ட்டிஸ்க். இப்போதைக்கு 4ஜி ரவுட்டர் ஒண்டுதான், பைபருக்கு எழுதிக் குடுத்தாச்சு. தெரிஞ்சாக்களிட்ட மூண்டு கேள்வி.

லைன் விழுந்தாலும் ஓடக்கூடிய கேம் எது எண்டு வாங்க முதலே எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? ஒரு கேமின்ர அப்டேட்டை 8 மெஷினுக்கும் எட்டுத்தரம் இறக்காமல் என்ன வழி? போன வருஷம் ஓடின கேம் இந்த வருஷம் அதே மெஷினில ஓடாமல் போறது ஏன்? கேமும் அதுதான், மெஷினும் அதுதான்.

உவர்மலை_லான்

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், மற்றதுக்கு ஆக்கள் வருவினம்.

ஒன்லைன், ஒஃப்லைன் என்று இரண்டாகப் பிரித்தால் ஏமாந்து போவீர்கள். கேமின் எந்தத் துண்டு சேர்வரில் ஓடுகிறது என்றுதான் பார்க்க வேணும். சில கேம் தொடங்கும்போது மட்டும் "இவர் வாங்கியவர்தானா" என்று கேட்கும், பிறகு சேர்வரைத் தேடாது. சிலதில் விளையாட்டு முழுக்க உங்கள் மெஷினில் ஓடும், ஆனால் நீங்கள் திறந்த ஆயுதம், முடித்த கட்டம் எல்லாம் சேர்வரில் பதிவாகும். ஹிட்மேன் வரிசை அப்படி. லைன் இல்லாமலும் விளையாடலாம், ஆனால் சவால்களை முடித்துப் புதிதாக ஒன்றும் திறக்க ஏலாது. டிஆர்எம் (உரிமம் சரிபார்க்கும் பூட்டு) இல்லாத கடை என்று பெயர் எடுத்த ஜிஓஜி (GOG) தளத்தில் 2021 செப்டெம்பரில் அதை விற்பனைக்குப் போட்டபோது வாடிக்கையாளர்கள் கிழித்து எடுத்தார்கள், அடுத்த மாதமே கடையிலிருந்து தூக்கினார்கள்.

இன்னும் சிலதில் உலகமே சேர்வரில்தான் இருக்கும். 2012 மே 15 வந்த டயாப்ளோ 3 கொம்பியூட்டர் பதிப்பில் எந்த அரக்கன் எங்கே நிற்கிறான், செத்தால் என்ன விழும் என்பதெல்லாம் சேர்வர் முடிவு. தனியாக விளையாடினாலும் அதே கதைதான். முதல் நாள் உலகம் முழுக்க "சேர்வர் நெரிசல்" என்ற எரர் 37 பார்த்தது அதனால்தான். அடுத்த வருடம் பிளேஸ்டேஷன் 3க்கு வந்த அதே கேம் லைன் இல்லாமல் ஓடியது. எனவே முடியாது என்பதில்லை, செய்யவில்லை.

2013 மார்ச் சிம்சிட்டியும் இப்படித்தான். நகரத்துக் கணக்கெல்லாம் சேர்வரில் நடக்கிறது, ஒஃப்லைன் சாத்தியமில்லை என்றார்கள். கேமை நோண்டுகிறவர்கள் சில நாளிலேயே இணைப்பில்லாமல் ஓட்டிக் காட்டினார்கள். கடைசியில் 2014 மார்ச்சில் பத்தாவது அப்டேட்டோடு கொம்பனியே ஒஃப்லைன் கொடுத்தது. கொம்பனி சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கழற்றிப் பாருங்கள்.

கழற்றுவதிலும் ஒரு முறை இருக்கு. அப்டேட் முழுக்க முடித்து, லைனோடு ஒருதரம் திறந்து பத்து நிமிஷம் விளையாடி, சேவ் செய்து மூடுங்கள். முதல் தரம் திறக்கும்போதுதான் உரிமத் தகவல் மெஷினில் பதியும், இதைத் தவறவிட்டால் பிறகு செய்கிற சோதனை முழுக்கப் பிழை. அடுத்தது ஸ்டீமை (கேம் வாங்கி இறக்கித் திறக்கும் செயலி) ஒஃப்லைன் மோடுக்கு மாற்றுங்கள். இப்போது ரவுட்டருக்குள் வெளியிலிருந்து வரும் வயரை மட்டும் கழற்ற வேணும் (4ஜி என்றால் சிம்மை எடுங்கள்). மெஷினுக்குப் போகும் வயரில் கை வைக்க வேண்டாம், வைத்தால் லான் (கடைக்குள் மெஷின்களை இணைக்கும் வலை) செத்துவிடும், இரண்டு மெஷின் ஒன்றோடொன்று பேசுமா என்று பார்க்க முடியாது. மெஷினை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் திறங்கள்.

தனி ஆட்டம் திறக்குதா, சேவ் இருக்கா, ஒரு மெஷினில் திறந்த அறை மற்றதில் தெரியுதா என்று மூன்றையும் பாருங்கள். பிறகு லைனோடு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் கழற்றுங்கள். சிலது உடனே மெனுவுக்குத் தூக்கி எறியும், சிலது சில நிமிஷம் பொறுக்கும். மணித்தியாலக் காசு வாங்குகிற கடைக்கு இந்த வித்தியாசம் முக்கியம். கடைசியாக, ஒஃப்லைனிலேயே இரண்டு வாரம் விட்டு மறுபடி திறங்கள். காலாவதியாகும் உரிமத் துண்டு வைத்த கேம்கள் அப்போதுதான் பல்லைக் காட்டும்.

முடிவை ஒரு கொப்பியில் எழுதும்போது கேமின் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பெரிய அப்டேட் வந்தால் அந்த வரி செல்லாது, திரும்பச் சோதிக்க வேணும்.

கிண்ணியாப்_பாலம்

மூன்றாவது கேள்விக்கு நான் வாறன். "கேமும் அதுதான்" என்டு நீங்க நினைக்கிறீங்க தம்பி. பேரும் ஐகனும்தான் அது.

கவுண்டர் ஸ்ட்ரைக்கைப் பாருங்க. 2012 ஓகஸ்ட்ல வந்த குளோபல் ஒஃபென்சிவுக்கு 2 ஜிபி ரெம், 15 ஜிபி இடம் போதும். 2023 செப்டெம்பர் 27 அதே இடத்துல, அதே ஸ்டீம் எண்ணுக்குக் கீழ கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்து உட்கார்ந்தது. கேட்கிறது 8 ஜிபி ரெம், 85 ஜிபி இடம், டைரக்ட்எக்ஸ் 11. பழைய மெஷின்காரர் ஒன்டும் வாங்கல்ல, ஒன்டும் அழிக்கல்ல. அப்டேட் வந்தது, கேம் போயிட்டுது, அவ்வளவுதான். உங்கட 240 ஜிபி எஸ்எஸ்டில விண்டோஸ் போக மிஞ்சுற இடத்துல இது ஒன்டே பாதியைத் தின்னும்.

ஓவர்வாட்ச் முதல் பாகமும் அப்பிடித்தான். 2016ல காசு குடுத்து வாங்கின கேமிட சேர்வரை 2022 ஒக்டோபர்ல நிப்பாட்டி, இரண்டாம் பாகத்தைத் திறந்தாங்க. 2020 ஜனவரில வோர்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட் வந்த நேரம், புதுசை வாங்காத ஆக்களிட பழைய கேமும் புது கிளையண்டுக்கு மாறிட்டுது. டெஸ்டினி 2 இன்னும் ஒரு படி மேல. 2017ல கேமோட வித்த கதைப் பகுதியையே 2020 நவம்பர்ல வெளிய எடுத்துட்டாங்க.

கேம் அப்பிடியே இருக்க, எக்கவுண்ட் மாறுறதும் இருக்கு. மைன்கிராஃப்ட்ட பழைய மொஜாங் எக்கவுண்ட்டை மைக்ரோசொஃப்ட் எக்கவுண்ட்டுக்கு மாத்தக் கடைசித் திகதி 2023 செப்டெம்பர் 19. அதுக்குள்ள மாத்தாட்டி கேமைத் திரும்ப வாங்கத்தான் வேணும். பழைய எக்கவுண்ட் யாராவது மலிவா விக்க வந்தா வாங்கிப் போடாதீங்க.

உங்கட மெஷினுக்கு இன்னொரு பொறி இருக்கு, அது அன்டிசீட், கள்ளமா விளையாடுறவனைப் பிடிக்கிற மென்பொருள். 2009ல வந்த லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ்க்கு 2024 மே மாசம் வேன்கார்ட் என்ட அன்டிசீட் கட்டாயமாச்சு. அதே வேன்கார்ட் ஓடுற வலோரன்ட் கேமுக்கு விண்டோஸ் 11ல டிபிஎம் 2.0ம் (பாதுகாப்புச் சிப்) செக்யூர் பூட்டும் (மெஷின் தொடங்கும்போது சரிபார்க்கிற செட்டிங்) வேணும். நாலாம் தலைமுறை போர்டுகள்ல டிபிஎம் 2.0 பொதுவா இல்ல. விண்டோஸ் 11க்கு அந்த மெஷினை உருட்டிப் பிரட்டி ஏத்தலாம், விண்டோஸ் ஓடும், வலோரன்ட் திறக்காது. ஜிடிஏ ஒன்லைனுக்கும் 2024 செப்டெம்பர்ல பேட்டில்ஐ என்ட அன்டிசீட் போட்டாங்க. பதினொரு வருஷம் கழிச்சு!

அதனால கேமிட இன்றைய தேவையைப் பார்த்து மெஷின் கட்டாதீங்க. எந்த கேமை நம்பிக் கடை போடுறீங்களோ அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கா, நின்டுட்டுதா என்டு பாருங்க. நின்டுபோன கேம்தான் பழைய மெஷினுக்குப் பாதுகாப்பு.

திருக்கடலூர்த்_தூண்டில்

அப்டேட் கதைக்கு வருவம். முதல்ல கணக்கு.

30 ஜிபி அப்டேட், 10 எம்பிபிஎஸ் லைன். 30 ஐ 8 ஆல பெருக்கினா 240 ஜிகாபிட். வகுத்தால் 24,000 செக்கன், அதாவது 6 மணித்தியாலம் 40 நிமிஷம். இது ஒரு மெஷினுக்கு. எட்டுக்கும் தனித்தனியா எண்டால் 240 ஜிபி டேட்டா, 53 மணித்தியாலம். 4ஜி பெக்கேஜ் அதோட முடிஞ்சுது.

விளையாடுறதுக்கு டேட்டா பெருசா போகாது எண்டதையும் கவனியுங்கோ. செக்கனுக்கு 30 கேபி எண்டு வைச்சால் மணித்தியாலத்துக்கு 108 எம்பி. எட்டு மெஷின் பத்து மணித்தியாலம் ஓடினாலும் 9 ஜிபிக்குக் கிட்டத்தான். ஒரே ஒரு அப்டேட் ஒரு மெஷினில அதைவிட மூண்டு மடங்கு தின்னுது. டேட்டாவை யார் தின்னுறது எண்டு தேடினால் விளையாடுற பெடியளைப் பாக்காதேங்கோ.

இனி ஸ்டீம் எப்பிடி அப்டேட் பண்ணுது எண்டு தெரிஞ்சால் பாதிப் பிரச்சினை விளங்கும். ஒவ்வொரு ஃபைலையும் சுமார் 1 எம்பி துண்டுகளா வெட்டி வைச்சிருக்கும். மாறின துண்டை மட்டும்தான் இறக்கும். நல்ல விஷயம். ஆனால் பழைய ஃபைலுக்கு மேலேயே எழுதாது. பக்கத்தில புதுசா ஒரு ஃபைல் கட்டும், மாறாத துண்டைப் பழசிலயிருந்து கொப்பி பண்ணி, மாறினதை இடையில செருகி, எல்லாம் முடிஞ்ச பிறகுதான் இடம் மாத்தும். கேம்காரர் எல்லாத்தையும் 40 ஜிபி பெக் ஃபைல் ஒண்டுக்குள்ள அடைச்சு வைச்சிருந்தால், 200 எம்பி மாற்றத்துக்கு ஹார்ட்டிஸ்க் 40 ஜிபி வாசிச்சு 40 ஜிபி எழுதும். செக்கனுக்கு 100 எம்பி போற டிஸ்க்கில அது 13 நிமிஷத்துக்கு மேல. டவுன்லோட் பூச்சியத்தில நிக்கும், டிஸ்க் நூறு வீதம் காட்டும். கன பேர் இதைத் தொங்கிட்டுது எண்டு நினைச்சு மெஷினை நிப்பாட்டி, பிறகு ஃபைல் சரிபார்ப்பில இன்னொரு அரை மணித்தியாலம் குடுப்பினம். டிஸ்க்கில அந்தப் பெரிய ஃபைலின்ர அளவுக்குமேல வெறும் இடம் இல்லாட்டி "இடம் போதாது" எண்டு நிக்கிறதும் இதாலதான்.

இன்னொண்டு, கேம்காரர் பெக் ஃபைலுக்குள்ள ஒழுங்கை மாத்திப் போட்டால் துண்டு எல்லாம் இடம் தள்ளுப்பட்டு எல்லாமே "புதுசு" ஆகிடும். சின்னத் திருத்தத்துக்கு 30 ஜிபி வாறது அப்பிடித்தான். பெக் ஃபைலை ஒண்டு, இரண்டு ஜிபிக்குள்ள வையுங்கோ எண்டு ஸ்டீமை நடத்துற வால்வ் கொம்பனி எழுதியே வைச்சிருக்கு, கேக்கிறாக்கள் குறைவு.

செய்ய வேண்டியது: ஒரு மெஷினை மட்டும் இரவு டேட்டாவில அப்டேட் பண்ண விடுங்கோ. ஸ்டீம் செட்டிங்கில டவுன்லோட் பக்கத்தில "இந்த நேரத்துக்குள்ள மட்டும் தானா அப்டேட் பண்ணு" எண்டு இருக்கு, உங்கட பெக்கேஜின்ர இரவு நேரத்துக்கு அரை மணித்தியாலம் உள்ளுக்குத் தள்ளி வையுங்கோ. இது தானா வாற அப்டேட்டுக்கு மட்டும்தான். பகலில ஒராள் அந்த கேமைத் திறந்தால் நேரம் பாக்காமல் இறக்கத் தொடங்கும். அப்டேட் காத்திருக்கிற கேமின்ர ஐகனைக் காலமையே டெஸ்க்டொப்பில இருந்து எடுத்துவிடுறது சுகம்.

மற்ற ஏழுக்கும் லானிலயே மாத்தலாம். 2023 பெப்ரவரியில ஸ்டீம் உள் நெட்வேர்க்கில கேம் ஃபைல் மாத்துற வசதி தந்தது, அதே டவுன்லோட் பக்கத்திலதான். ஒரே எக்கவுண்ட், நண்பர்கள், எல்லாரும் எண்டு மூண்டு நிலை இருக்கு, சென்டருக்கு "எல்லாரும்". விண்டோஸில நெட்வேர்க் "பப்ளிக்" எண்டு கிடந்தால் ஒண்டையொண்டு காணாது, "பிரைவேட்" ஆக்குங்கோ. குடுக்கிற மெஷினில அந்த நேரம் கேம் ஓட்டாதேங்கோ.

எட்டுமேசை

நன்றி அண்ணாமார். லான் மாத்துறதைப் போட்டுப் பார்த்தன். அஞ்சு மெஷின் பறக்குது. மூண்டு மெஷின் மட்டும் செக்கனுக்கு 11 எம்பிக்கு மேல போகுதில்லை. சுவிட்ச் ஜிகாபிட், வயர் கெட்5ஈ, எல்லாம் ஒரே பெட்டியில இருந்து எடுத்தது. அந்த மூண்டும் ஜன்னல் பக்கம், டிஸ்க் சோதிச்சாச்சு, பழுதில்லை.

உவர்மலை_லான்

11 எம்பி என்றாலே விடை வந்துவிட்டது. 100 எம்பிபிஎஸ் இணைப்பின் உச்சம் கிட்டத்தட்ட அதுதான். அந்த மூன்று மெஷினும் 100க்கு இறங்கி நிற்கிறது. அடாப்டரின் ஸ்டேட்டஸ் பெட்டியில் ஸ்பீட் என்ன காட்டுது என்று பாருங்கள், 1.0 ஜிபிபிஎஸ் இருக்க வேண்டிய இடத்தில் 100 இருக்கும்.

ஜிகாபிட்டுக்கு வயருக்குள் இருக்கும் நான்கு சோடியும் வேணும். 100க்கு இரண்டு சோடி போதும், அதாவது 1, 2, 3, 6 ஆம் பின்கள். 4, 5, 7, 8 இல் ஒன்று தொடர்பு விட்டாலும் இரண்டு பக்கமும் பேசிச் சத்தமில்லாமல் 100க்கு இறங்கும். எரர் ஒன்றும் வராது, இன்டர்நெட்டும் வழமை போல ஓடும், அதனால்தான் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

ஜன்னல் பக்கம் என்கிறீர்கள், கடற்காற்று எந்நேரமும் உள்ளே வரும். எங்கள் ஊரில் இதுதான் முதல் சந்தேகம். வயர் முனையில் இருக்கும் தொப்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். பொன்னிறமாக எட்டுக் கோடு தெரிய வேணும். ஏதாவது ஒன்று மங்கி, ஓரத்தில் பச்சை படிந்திருந்தால் உப்பு பிடித்துவிட்டது. சுரண்ட வேண்டாம், மெல்லிய பொன் பூச்சு போய்விடும். ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட தூரிகையால் துடைத்துக் காயவிட்டு, நாலைந்து தரம் செருகிக் கழற்றுங்கள். சரிவராவிட்டால் தொப்பியை வெட்டிப் புதிது அடியுங்கள். வயரின் இரண்டு முனையிலும் நிற ஒழுங்கு ஒன்றாக இருக்க வேணும், சோடியின் முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்க வேண்டாம். மலிவுத் தொப்பிகளில் பூச்சு பெயருக்குத்தான் இருக்கும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஒரு வாடைக் காற்றுக்குத் தாங்காது. மெஷினின் சொக்கட்டுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பின் போயிருந்தால் தனியாக ஒரு நெட்வேர்க் கார்ட் போடுவதுதான் வழி.

நிலாவெளி_பிங்

பைபர் வந்தால் பிங் (பக்கெட் சேர்வருக்குப் போய்வரும் நேரம்) குறையும் என்று நம்பிக் காசு கட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. பைபர் வந்தால் பிங் நிலையாகும். சேர்வர் கிட்ட வராது.

கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். போய்வர ஆயிரம் கிலோமீற்றருக்கு 10 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்ளலாம். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர், ஆக 27 மில்லிசெக்கனுக்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் ரவுட்டர்கள், அதற்கு முதல் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போக வேணும். மும்பை நேர்கோட்டில் 1,550 தான், ஆனால் உங்கள் கொம்பனி மும்பைக்குப் போகும் பக்கெட்டைச் சிங்கப்பூர் வழியாகச் சுற்றி அனுப்பினால் கிட்ட இருப்பது தூரமாகும். கேமில் இரண்டு சேர்வரும் தேர்வு செய்யலாம் என்றால், பெயரைப் பார்க்காமல் மாலை 8 மணிக்கும் காலை 10 மணிக்கும் இரண்டிலும் பிங் எடுத்துப் பாருங்கள்.

சென்டரில் பிங் கெடுவதற்குத் தூரத்தைவிடப் பெரிய காரணம் உள்ளேதான் இருக்கு. ஒரு மெஷின் அப்டேட் இறக்கும்போது ரவுட்டரிலும் டவரிலும் பக்கெட்டுகள் வரிசையில் தேங்கும். கேமின் சின்னப் பக்கெட் அந்த வரிசையின் வாலில் நிற்கும். 60 இல் நின்ற பிங் 400க்கு ஏறும், இறக்கம் முடிந்ததும் தானாக இறங்கும். ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச மென்பொருள்) ஏற்றக்கூடிய ரவுட்டர் என்றால் எஸ்கியூஎம் (வரிசை தேங்காமல் பார்க்கும் வசதி) போட்டு, அதில் கேக் (CAKE) முறையைத் தேர்ந்து, அளந்த வேகத்தில் 85 முதல் 90 வீதத்தை எல்லையாக வையுங்கள். 20 எம்பிபிஎஸ் லைனுக்கு 17. அப்லோட்டுக்கும் தனியாக வைக்க வேணும், பலர் அதை மறந்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்பார்கள். 4ஜியில் வேகம் மணிக்கு மணி மாறுவதால் நிலையான எல்லை சரிவராது. அங்கே ஸ்டீமின் இறக்க வேகத்தைக் கட்டிப்போடுவதுதான் நடைமுறை.

இன்னொன்று. ரவுட்டரின் வெளி ஐபி 10 இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரை இருந்தாலோ நீங்கள் கொம்பனியின் பொது நாட் (NAT, பல பேர் ஒரே வெளி ஐபியைப் பகிரும் முறை) ஒன்றுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். போர்ட் திறந்து ஒரு பயனும் இல்லை. சேர்வருக்குப் போய் விளையாடுகிற கேமுக்கு இதனால் பாதிப்பில்லை. ஜிடிஏ ஒன்லைன் மாதிரி விளையாடுபவர்களின் மெஷின்கள் நேரடியாகப் பேசும் கேமில்தான் சிக்கல். அது யூடிபி 6672 என்ற போர்ட்டைக் கேட்கும், ஒரு ரவுட்டருக்குப் பின்னால் எட்டு மெஷின் அதையே கேட்டால் முதல் ஆளுக்குக் கிடைக்கும், மற்றவர்களுக்கு நாட் "ஸ்ட்ரிக்ட்" காட்டும். ஒரே அறைக்குள் இருந்துகொண்டே ஒரே செஷனில் சேர முடியாமல் நிற்பார்கள்.

மூதூர்_துறை

எல்லாரும் எப்போதும் இணைப்பில் இருப்பதைத் திட்டுகிறீர்கள். மறுபக்கத்தையும் சொல்ல ஆள் வேண்டும்.

நோ மேன்ஸ் ஸ்கை 2016 ஓகஸ்ட்டில் வந்தபோது வாங்கினவன் எல்லாம் ஏமாந்தான். 2018 ஜூலை நெக்ஸ்ட், 2019 ஓகஸ்ட் பியோண்ட் என்று காசு கேட்காமல் ஊட்டி வளர்த்தார்கள். ஃபைனல் ஃபான்டசி 14 இன்னும் விசித்திரம். 2010 இல் வந்து படுத்தது, 2012 நவம்பரில் சேர்வரை மூடி, 2013 ஓகஸ்ட்டில் திரும்பக் கட்டித் திறந்தார்கள். டிஸ்க்கில் விற்று முடிகிற காலமென்றால் இரண்டும் குப்பைக்கூடையில்தான்.

எனக்குப் பிடித்தது ஜிடிஏ ஒன்லைன் சமாசாரம். லோட் ஆக நிமிஷக்கணக்கில் எடுக்கும், எல்லாரும் சேர்வரைத் திட்டுவார்கள். 2021 இல் வெளியாள் ஒருவர் பிரித்துப் பார்த்தார். கடைப் பொருட்களின் பட்டியல் 10 எம்பி, 63,000 வரி. ஒவ்வொரு சொல்லை வாசிக்கும்போதும் மிச்சமிருக்கும் முழு எழுத்தையும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. அதோடு ஒவ்வொரு பொருளையும் சேர்க்கும்போது முன்பு சேர்த்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டது. இரண்டையும் திருத்தியதும் லோட் நேரம் 70 வீதம் குறைந்தது. கொம்பனி அவருக்கு 10,000 டொலர் கொடுத்து, திருத்தத்தை எல்லாருக்கும் விட்டது. பட்டியல் வருடா வருடம் வளர்ந்ததால்தான் அந்தப் பிழை இவ்வளவு பெரிதானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நோயும் அப்டேட்தான், மருந்தும் அப்டேட்தான்.

மின்சாரத்தையும் மறக்காதீர்கள். 2025 பெப்ரவரி 9 பாணந்துறை மின் உபநிலையத்துக்குள் புகுந்த குரங்கு நாட்டையே இருட்டாக்கியது, அதற்கு ஒஃப்லைன் கேமும் ஒன்றும் செய்யாது. எட்டு மெஷினையும் யூபிஎஸ்ஸில் தாங்க வைக்கப் பார்ப்பது வீண் செலவு. மெஷினுக்கு 150 வொட் என்றாலே 1,200 ஆகிவிடும். ரவுட்டர், பைபர் பெட்டி, சுவிட்ச் மூன்றும் பொதுவாக 12 வோல்ட், சேர்ந்து 40 வொட்டுக்குள் அடங்கும். அவற்றோடு அப்டேட் இறக்கும் ஒரு மெஷினை மட்டும் யூபிஎஸ்ஸில் வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்தான் ஃபைல் கெடும்.

கிண்ணியாப்_பாலம்

> நோயும் அப்டேட்தான், மருந்தும் அப்டேட்தான்

சரி. மையத்துக்கு, அதாவது செத்துப்போன கேமுக்கு, என்ன மருந்து?

த க்ரூ 2014 டிசெம்பர்ல வந்த கார் கேம். தனியா ஓட்டலாம், ஆனா சேர்வர் வேணும். 2024 மார்ச் 31 சேர்வரை மூடினாங்க, டிஸ்க் வாங்கி வெச்சவனிட கையிலயும் ஒன்டும் மிஞ்சல்ல. ஸ்டொப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் அடுத்த மாசம் தொடங்கினதே அதாலதான். ஐரோப்பிய மனு 2025 ஜூலைல 10 இலட்சம் கையெழுத்தைத் தாண்டிச்சு. கலிபோர்னியா 2025 ஜனவரில இருந்து "நீங்க வாங்குறது உரிமம் மட்டும்" என்டு கடை சொல்லணும் என்டு சட்டம் போட்டுது. சொல்லத்தான் வேணும், கேமை விட்டுவைக்க வேணும் என்டு இல்ல.

மூடுறதுலயும் மரியாதையா மூடுறவங்க இருக்காங்க. நொக்அவுட் சிட்டி 2023 ஜூன்ல மூடினப்ப, தனியா சேர்வர் ஓட்டுற பதிப்பைக் குடுத்துட்டுப் போனாங்க. கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் 2024 ஜனவரி மூடும்போது ஒஃப்லைனுக்கு மாத்தினாங்க. ரெட்ஃபோல் கேமிட ஸ்டூடியோவையே மூடின பிறகும் கடைசி அப்டேட்ல ஒஃப்லைன் வந்தது.

நம்மட நாட்டுக்குத் தனி வில்லங்கமும் இருக்கு. ஹெல்டைவர்ஸ் 2 வித்து மூன்று மாசம் கழிச்சு, 2024 மே மாசம், பிளேஸ்டேஷன் எக்கவுண்ட் கட்டாயம் என்டாங்க. இலங்கை அந்த எக்கவுண்ட் தாற நாடுகளிட பட்டியல்லயே இல்ல. உலகம் முழுக்கக் கத்தினதால மூன்று நாள்ல கட்டாயத்தை எடுத்தாங்க, ஆனா 170க்கு மேற்பட்ட இடங்கள்ல விற்பனையை நிப்பாட்டினாங்க. ஸ்டீம் பக்கத்துல வலப்பக்கம் "வேறு எக்கவுண்ட் தேவை" என்டு மஞ்சளாத் தெரியும் சின்னப் பெட்டியைப் பார்க்காம 8 கொப்பி வாங்கிராதீங்க.

எட்டுமேசை

தொப்பி மூண்டும் அடிச்சாச்சு, மூண்டும் 1.0 காட்டுது. 4 ஆம் பின்தான் பச்சை.

கடைசியா ஒண்டு. பழைய மெஷின் ஒண்டில 1 டிபி டிஸ்க் போட்டு லான்கேஷ் (ஒருதரம் இறக்கினதைச் சேமிச்சு மற்ற மெஷினுக்குக் குடுக்கிற மென்பொருள்) ஏத்தியிருக்கிறன், ஸ்டீம் இல்லாத மற்ற லோஞ்சருக்கும் உதவும் எண்டு. முதல் மெஷினில இறக்கினன், கேஷ் டிஸ்க்கில ஒண்டும் சேரேல்லை. ரவுட்டரில முதல் டிஎன்எஸ் (சேர்வர் பெயருக்கு ஐபி விலாசம் சொல்றது) கேஷ் மெஷின், இரண்டாவது கூகிளின்ர 8.8.8.8.

திருக்கடலூர்த்_தூண்டில்

அந்த இரண்டாவதுதான் ஓட்டை. லான்கேஷ் வேலை செய்யிறதே டிஎன்எஸ் பதிலாலதான். கேம் "டவுன்லோட் சேர்வர் எங்க" எண்டு கேக்க, கேஷ் மெஷின் "நான்தான்" எண்டு தன்ர உள் ஐபியைச் சொல்லும். இரண்டாவது டிஎன்எஸ்ஸை விண்டோஸ் முதலாவது செத்தால் மட்டும்தான் கேக்கும் எண்டில்லை, எப்ப வேணுமெண்டாலும் கேக்கும். அங்க உண்மையான விலாசம் வந்திடும். இரண்டாவது பெட்டியை வெறுமையா விடுங்கோ. ரவுட்டர் வெறுமையா விட மாட்டன் எண்டால் இரண்டிலயும் கேஷ் ஐபியையே போடுங்கோ.

பிறகு ரவுட்டரில ஐபிவி6 ஐ நிப்பாட்டுங்கோ. கொம்பனி குடுக்கிற ஐபிவி6 டிஎன்எஸ் பின்கதவால நுழையும். ஒவ்வொரு மெஷினையும் ரீஸ்டார்ட் பண்ணுங்கோ, பழைய பதில் நினைவில நிக்கும். கேஷ் அளவை டிஸ்க்கின்ர முழு 1 டிபிக்கும் வைக்காமல் 900 ஜிபிக்குள்ள வையுங்கோ, நிரம்பி முட்டினால் நடுவழியில நிக்கும். எச்டிடிபிஎஸ்ஸால (பூட்டு வைச்ச இணைப்பு) இறங்குற லோஞ்சர் எண்டால் கேஷ் ஆகாது, அது உங்கட பிழையில்லை.

எட்டுமேசை

இரண்டாவதை எடுத்து, ஐபிவி6 நிப்பாட்டியாச்சு. முதல் மெஷின் லைன் வேகத்தில இறக்கினது, கேஷ் டிஸ்க்கில 31 ஜிபி சேர்ந்திருக்கு. அதே கேமை இரண்டாவதில போட்டன், ஒன்பது நிமிஷம். சிம்மை எடுத்துப் போட்டு மூண்டாவதுக்கு முயற்சி பண்ணினால் ஸ்டீம் லொகின் கேக்குது.

உவர்மலை_லான்

கேட்கும். ஃபைல் உள்ளே இருந்தாலும், எந்தத் துண்டு வேணும் என்ற பட்டியலையும் அதற்கான அனுமதியையும் ஸ்டீம் வெளியிலிருந்துதான் வாங்கும். சிம்மைப் போட்டு லொகின் செய்துவிட்டு இறக்குங்கள். சோதனைக்குக் கழற்றுவது கேம் முழுக்க ஏறி, ஒருதரம் திறந்த பிறகு.